ஒரு லட்ச ரூபாய்க்கு ஒரு விண்கலம்: இது வெட்டிச் செலவா?



வீடியோல எனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு சாம்பல் கலர் முக்கோணக் கப்பல் நிக்குதே, ஜன்னல் ஜன்னலா குட்டிக் குட்டி வெளிச்சத்தோட, அது என்னன்னு கேட்காத வாரமே இல்லை. "அண்ணா, அது எவ்ளோ?"ன்னு கமெண்ட்ல கேட்டுக்கிட்டே இருக்கீங்க. இத்தனை நாள் பதில் சொல்லாம நழுவிட்டேன். காரணம் வெட்கம்தான். மாசம் 500 ரூபாய்ல எஸ்ஐபி ஆரம்பிங்கன்னு சொல்ற ஆள், ஒரு பொம்மைக்கு 1,08,358 ரூபாய் செலவு பண்ணியிருக்கேன்னு எந்த வாயால சொல்றது?

போன வாரம் லைவ்ல ஒரு தம்பி நேராவே கேட்டுட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், கைக்கு வர்ற சம்பளம் 46,000. இதே மாதிரி ஒரு ரெசின் கிட் பார்த்து வச்சிருக்கார். கிரெடிட் கார்டுல போட்டு வாங்கிடலாமான்னு கேள்வி. லைவ்ல இரண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனாலதான் எழுதுறேன். வழக்கம் போல, நான் செபியில பதிவு பண்ண ஆலோசகர் இல்லை. இது என் சொந்தக் கருத்து, என் சொந்த பில்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இப்படி ஒரு கிட் வாங்குறது தப்பே இல்லை. ஆனா அந்தத் தம்பி இப்போ வாங்கக் கூடாது. நானும் 2023-ல வாங்கியிருக்கக் கூடாது.

முதல்ல அது என்ன கப்பல்னு சொல்லிடறேன். ஸ்டார் வார்ஸ் படங்கள்ல வர்ற ஸ்டார் டிஸ்ட்ராயர். 1977-ல வந்த முதல் படம் தொடங்குறதே, இந்தக் கப்பல் திரையோட மேல் விளிம்புல இருந்து நுழைஞ்சு, முடிவே இல்லாம நீண்டுக்கிட்டே போற காட்சியோடதான். கதைப்படி நீளம் 1,600 மீட்டர். படத்துக்காகச் செஞ்ச மாடலோ வெறும் 91 செ.மீ. 1980-ல வந்த அடுத்த படத்துக்கு எட்டடிக்கும் மேல நீளமா இன்னொண்ணு செஞ்சு, உள்ளே லைட் போட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஸ்டூடியோல கப்பல் மேல ஒட்டின நுணுக்கமான பாகங்கள்ல பெரும்பகுதி, கடையில விற்கிற டாங்கி, விமான மாடல் கிட்டுகளைப் பிரிச்சு எடுத்தது. அதாவது கிட்ல இருந்து கப்பல் வந்துச்சு. இப்போ கப்பல்ல இருந்து கிட் வருது.

என்கிட்ட இருக்கிறது 71 செ.மீ நீளம். முழுக்க ரெசின். கையில தூக்கினா நாலு கிலோவுக்குக் கிட்ட வரும்.

ரெசின் ஏன் இவ்வளவு விலைன்னு புரிஞ்சுக்கிட்டா, பாதி குழப்பம் போயிடும். பெரிய கம்பெனி பிளாஸ்டிக் கிட் போடணும்னா, உலோகத்துல அச்சு வெட்டணும். அச்சுக்கு ஆகுற செலவு மலை மாதிரி. ஆனா வெட்டிட்டா ஆயிரக்கணக்குல அடிச்சுத் தள்ளலாம், ஒரு பெட்டிக்கு ஆகுற செலவு கம்மியாயிடும். ரெசின் அப்படியே தலைகீழ். ஒருத்தர் தன் வீட்டு கேரேஜ்ல மூல மாடலைக் கையால செஞ்சு, அது மேல சிலிகான் ரப்பர் ஊத்தி அச்சு எடுத்து, அதுல பாலியூரித்தேன் ரெசினை ஊத்தி வார்ப்பார். ஆரம்பச் செலவு கம்மி. ஆனா அந்த ரப்பர் அச்சு சில டஜன் வார்ப்புலயே நைஞ்சுடும், புது அச்சு எடுக்கணும். ஒவ்வொரு பெட்டிக்கும் கை வேலை. உலகம் பூரா நூறு, இருநூறு பேர் மட்டும் வாங்குற கப்பலுக்கு இதுதான் வழி. அதனால 380 டாலர்னு போட்டிருந்தா, அது கொள்ளை இல்லை. அந்த ஆளோட கூலியும் அதுக்குள்ளதான் இருக்கு.

சரி, பில்லுக்கு வருவோம். 2023 ஜனவரியில ஆர்டர் போட்டேன். டாலர் அப்போ சுமார் 82 ரூபாய். கிட் 380 டாலர், 31,160 ரூபாய். "முப்பதாயிரம்தானே, ஒரு போன் விலை"ன்னு நினைச்சுத்தான் பட்டனை அமுக்கினேன். ஷிப்பிங் 95 டாலர், 7,790 ரூபாய். கனமான பெட்டி, வேற வழி இல்லை. கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அது ஒரு 1,608.

அப்புறம்தான் கஸ்டம்ஸ். சொந்த உபயோகத்துக்கு வர்ற பார்சல்னு போட்டு, அன்னைக்கு இருந்த விகிதத்துல எல்லாம் சேர்த்து 77 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அதுவும் கிட் விலைக்கு மட்டும் இல்லை, ஷிப்பிங்கையும் சேர்த்த மதிப்புக்கு. 30,100 ரூபாய். கூரியர் கம்பெனியோட கையாளும் கட்டணம் 1,200. இது சட்டப்படிதான், யார் மேலயும் புகார் இல்லை. பார்க்காம விட்டது நான். சாதாரண இறக்குமதியா வந்தாலும் நிலைமை பெருசா மாறிடாது. ஸ்கேல் மாடல்கள் பொம்மை இருக்கிற அதே தலைப்புலதான் வருது. பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல 20-ல இருந்து 60 சதவீதமாச்சு, 2023 பட்ஜெட்ல 70 ஆச்சு. இந்த விகிதங்கள் எல்லாம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். ஆர்டர் போடுற அன்னைக்கு என்ன விகிதம்னு நீங்களே பார்த்துக்கோங்க. என் பில்லை வச்சுக் கணக்கு போடாதீங்க.

ஆக, பெட்டி என் வீட்டு வாசலுக்கு வரவே 71,858. இன்னும் கத்தி கூட எடுக்கலை.

இங்கதான் நான் செஞ்ச தப்பு. கிட் விலையும் ஷிப்பிங்கும் போனஸ் பணத்துல இருந்து போயிடுச்சு. கஸ்டம்ஸ், கூரியர் ரெண்டும் சேர்ந்து 31,300-க்கு நான் பணமே ஒதுக்கலை. கட்டலைன்னா பார்சல் திரும்பிப் போயிடும். வேலை மாறின நேரம், கரைஞ்சு போன எமர்ஜென்சி ஃபண்டை அப்போதான் மறுபடி கட்டிக்கிட்டிருந்தேன். 65,000 இருந்தது. "ரெண்டு மாசத்துல திரும்பப் போட்டுடலாம்"னு அதுல இருந்து எடுத்துக் கட்டினேன். மிச்சம் 33,700.

ஏப்ரல்ல அப்பாவுக்குப் பித்தப்பைக் கல், உடனே ஆபரேஷன். இன்சூரன்ஸ் இருந்தது, கேஷ்லெஸ்ஸும் கிடைச்சுது. ஆனா பாலிசியில ரூம் வாடகைக்கு உச்சவரம்பு. அன்னைக்குக் காலியா இருந்த ரூம் அந்த வரம்புக்கு மேல. வரம்பைத் தாண்டினா ரூம் வாடகையை மட்டும் இல்லை, பல செலவுகளையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்கன்னு நானே வீடியோ போட்டிருக்கேன். கையில இருந்து கட்ட வேண்டியது 58,000. 65,000-ஐத் தொடாம விட்டிருந்தா அன்னைக்கு ஒரு கையெழுத்து, முடிஞ்சிருக்கும். நான் ஆஸ்பத்திரி படிக்கட்டுல உட்கார்ந்து, கூட வேலை பார்க்கிற நண்பருக்கு போன் பண்ணி 25,000 கைமாத்து கேட்டேன். அவர் எதுவும் கேட்காம உடனே அனுப்பினார். அவர் நம்ம சேனலையும் பார்ப்பார். எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நான் போட்ட வீடியோவை அவர்தான் ஆபீஸ் குரூப்ல எல்லாருக்கும் ஷேர் பண்ணவர்.

அந்தப் பெட்டியை பரண் மேல ஏத்திட்டேன். எட்டு மாசம் பிரிக்கலை. கடனை ரெண்டு மாசத்துல அடைச்சுட்டேன், அது விஷயம் இல்லை. அதைப் பார்த்தாலே அந்தப் படிக்கட்டு ஞாபகம் வந்துடும்.

விற்கவும் பார்த்தேன். கஸ்டம்ஸ் கட்டின பணம் யார்கிட்ட இருந்தும் திரும்ப வராதுன்னு அப்போதான் புரிஞ்சுது. இந்தியாவுக்குள்ள வாங்குற ஆள் கிட்டோட டாலர் விலையைத்தான் பார்க்கிறார், நான் கட்டின வரியை இல்லை. பிரிக்காத பெட்டிக்கு எனக்கு வந்த அதிகபட்ச விலை 22,000.

2023 டிசம்பர்ல ஒருநாள் அப்பாவே கேட்டார், "மேல ஒரு பெட்டி கிடக்குதே, என்னடா அது?" இறக்கிக் காட்டினேன். அப்பா முப்பது வருஷம் டிவி மெக்கானிக். ஒரு பாகத்தை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "இதுக்கு உள்ள லைட் போடலாமே"ன்னார்.

இனி கட்டின கதை. லைட் போடாத ஸ்டார் டிஸ்ட்ராயர் என்னைப் பொறுத்தவரை ஒரு சாம்பல் கலர் சப்பாத்தி. அந்தக் கப்பலோட பிரம்மாண்டமே ஊசி முனை சைஸ் ஜன்னல்கள்லதான் இருக்கு. ஜன்னல் எவ்வளவு சின்னதோ, கப்பல் அவ்வளவு பெருசாத் தெரியும். அதனால எல்இடியை நேரடியா வைக்க முடியாது. முடி மாதிரி இருக்கிற ஆப்டிக் ஃபைபர்தான். 0.25 மி.மீ தடிமன். ஒவ்வொண்ணுக்கும் 0.3 மி.மீ ட்ரில் பிட்டால, கையில பிடிச்சுச் சுத்துற பின் வைஸ்ல ஓட்டை போடணும். நான் போட்டது சுமார் 1,100 ஓட்டை. உடைஞ்ச பிட் 40-க்கு மேல, அதுக்கப்புறம் எண்ணுறதை விட்டுட்டேன். ஒரே இடைவெளியில வரிசையா போட்டுடாதீங்க, சல்லடை மாதிரி ஆயிடும். அஞ்சு போட்டு ரெண்டு விட்டு, ஒண்ணு தள்ளி நாலுன்னு, ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஐடி பார்க்கைத் தூரத்துல இருந்து பார்த்தா எப்படி இருக்குமோ, அப்படி.

ஃபைபரை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டாம். அந்த ஃபைபர் அக்ரிலிக், சூப்பர் க்ளூ பட்ட இடத்துல மொறுமொறுன்னு ஆகி ஒடிஞ்சுடும். முதல் 60 ஃபைபரை அப்படித்தான் இழந்தேன். வெள்ளை ஃபெவிகால் போதும், மெதுவா காயும், அவ்வளவுதான். வெளியே ஒரு செ.மீ நீட்டிக்கிட்டு இருக்கட்டும். பெயின்ட் எல்லாம் அடிச்சு முடிச்சப்புறம் வெட்டினா நுனி சுத்தமா இருக்கும், ஜன்னலும் பளிச்னு எரியும். பெயின்ட்டுக்கு முன்னாடியே வெட்டிட்டா 1,100 ஜன்னலுக்கும் நீங்களே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.

கட்டுறதுக்கு முன்னாடி ரெசின் பாகங்களை சோப்புத் தண்ணியில தேய்ச்சுக் கழுவணும். அச்சுல இருந்து உரிஞ்சு வர்றதுக்காகப் போட்ட எண்ணெய்ப் பசை போகலைன்னா பெயின்ட் தோல் தோலா உரியும். பிளாஸ்டிக் கிட்டுக்குப் போடுற சிமென்ட் இதுல ஒட்டவே ஒட்டாது, சூப்பர் க்ளூ இல்லைன்னா எபாக்ஸிதான். நாலு கிலோ கப்பலுக்கு அதுவும் மட்டும் பத்தாது, மூட்டுல எல்லாம் ஓட்டை போட்டு பித்தளைக் கம்பி சொருகினேன். என் கிட்ல அடித்தட்டு லேசா வளைஞ்சு வந்திருந்தது. சுடுதண்ணியில போட்டு இளக வச்சு, கண்ணாடி மேல அழுத்திப் பிடிச்சு ஆற விட்டா நேராயிடும். சென்னை மே மாசத்துல இன்னொரு வேலையும் இருக்கு: நேரான பாகத்தை வெயில் படுற இடத்துல வச்சா, அது தானாவே வளைஞ்சுடும்.

ஒரு விஷயம் விளையாட்டு இல்லை. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும், ஃபில்டர் வச்ச மாஸ்க் போடணும். துணி மாஸ்க் போதாது. என் மாஸ்க் 3,500 ரூபாய். மொத்த பில்லுல பேரம் பேசக் கூடாத ஒரே வரி இதுதான்.

எலெக்ட்ரிக் வேலை பயப்படுற அளவுக்கு இல்லை. ரிச்சி தெருவுக்கு அப்பாவோட ஒரு சனிக்கிழமை போனேன், எல்இடி, ரெசிஸ்டர், ஒயர், ஹீட் ஷ்ரிங்க் டியூப், 12 வோல்ட் அடாப்டர் எல்லாம் ஒரே தெருவுல முடிஞ்சுது. வெள்ளை எல்இடி ஒண்ணு சுமார் 3 வோல்ட் எடுத்துக்கும். மூணை வரிசையா இணைச்சா 9 வோல்ட். 12-ல மிச்சம் 3 வோல்ட். 20 மில்லி ஆம்பியருக்கு 3-ஐ 0.02-ஆல வகுத்தா 150 ஓம் ரெசிஸ்டர். பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதிக்கு 15 வருஷம் கழிச்சு கிடைச்ச முதல் உபயோகம். இப்படி 12 வரிசை, 36 எல்இடி. மொத்தம் 240 மில்லி ஆம்பியர், மூணு வாட் கூட இல்லை. தினம் நாலு மணி நேரம் எரிஞ்சாலும் வருஷத்துக்கு அஞ்சு யூனிட்டுக்குள்ளதான். கரன்ட் பில்லைப் பத்தி வீட்டுல கேட்டாங்கன்னா இதைக் காட்டுங்க.

ரெசின் கெட்டியா இருந்தாலும் மெலிசான இடத்துல வெளிச்சம் கசியும், கப்பல் பூரா ஜீரோ வாட் பல்பு மாதிரி மினுங்கும். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு அடிச்சு, அது மேல வெள்ளை அடிச்சா கசிவு நிக்கும். பின்னாடி இருக்கிற மூணு பெரிய எஞ்சினுக்கும் நாலு சின்ன எஞ்சினுக்கும் நீலம் கலந்த வெள்ளை, ஜன்னலுக்கு வார்ம் ஒயிட். பெயின்ட்டிங் பத்தி நிறைய சொல்ல மாட்டேன், எனக்கு அது சுமாராத்தான் வரும். மழை நாள்ல மட்டும் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்காதீங்க. ஈரப்பதத்துல பால் கொட்டின மாதிரி வெளுத்துடும்.

எல்லாம் முடிச்சு, மேல் மூடியையும் எபாக்ஸி போட்டு ஒட்டிட்டு, சந்தோஷமா ஸ்விட்சைப் போட்டேன். ரெண்டு நாள் ஜெகஜ்ஜோதி. மூணாவது நாள் இடது பக்கம் கால்வாசி இருட்டு. அப்பா பக்கத்துல வந்து, கப்பலை லேசா ரெண்டு தட்டு தட்டினார். எரிஞ்சுது, அணைஞ்சுது. "டிரை சால்டர்"னார். நான் பத்தவச்ச இடம். ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி பூரா எரிய விட்டுப் பார்க்கணும்னு அவர் முன்னாடியே சொல்லியிருந்தார், நான்தான் அவசரப்பட்டேன். ரம்பத்தால மூடியை அறுத்துத் திறந்து, சரி பண்ணி, மறுபடி பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க ஆறு வாரம். இப்போ எஞ்சின் தட்டை ஒட்டலை, காந்தம் வச்சுத்தான் மாட்டியிருக்கேன்.

2025 ஆகஸ்ட்ல முடிஞ்சுது. இருபது மாசம், வாரத்துக்கு அஞ்சு மணி நேரம் மாதிரி, மொத்தம் சுமார் 430 மணி நேரம். லைட் சாமான் 4,500, பெயின்ட் பிரைமர் 6,000, ஏர்பிரஷ் கம்ப்ரஸரோட 9,500, மாஸ்க் 3,500, பின் வைஸ், பிட், பசை, பட்டி, பித்தளைக் கம்பி எல்லாம் சேர்த்து 5,000. கடைசியா யாருமே சொல்லாத செலவு, தூசி படாம இருக்க அக்ரிலிக் பெட்டி, 8,000. வாசலுக்கு வந்த விலையோட இந்த 36,500-ஐயும் சேர்த்தா 1,08,358. நான் பட்டன் அமுக்கும்போது பார்த்த விலைக்கு மூணரை மடங்கு.

இப்போ நம்ம ஃபீல்டுல வழக்கமா வர்ற மூணு வாதத்தைப் பார்க்கலாம். மூணுலயும் எனக்குச் சண்டை இருக்கு.

முதல்ல, "இந்தப் பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டிருந்தா?" வருஷத்துக்கு 12 சதவீதம்னு வச்சா 25 வருஷத்துல 17 மடங்கு, 18 லட்சத்துக்கு மேல. இந்த மாதிரி தம்ப்நெயில் நானும் போட்டிருக்கேன். இப்போ அதைப் பார்த்தா எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கு. 12 சதவீதம் யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. பணவீக்கம் 6 சதவீதம்னு எடுத்தா அந்த 18 லட்சத்தோட இன்றைய மதிப்பு நாலே கால் லட்சம். அது சின்னத் தொகை இல்லை, ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கணக்கை எல்லாச் செலவுக்கும் போட்டா கல்யாணத்துக்கு மொய் எழுத முடியாது, அம்மாவுக்குப் புடவை எடுக்க முடியாது. எஸ்ஐபி, டேர்ம், ஹெல்த் எல்லாம் சரியா ஓடுறவர் மிச்சப் பணத்துல என்ன செய்றார்னு கேட்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு 252 ரூபாய் ஆயிருக்கு. பாப்கார்னோட சேர்த்தாலும் சினிமா இதை விட மலிவு. மலிவுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஸ்க்ரோல் பண்ணாம கழிஞ்ச 430 மணி நேரம் அது. அதுல பாதிக்கு அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தார்.

ரெண்டாவது, "அண்ணா, இது கலெக்டிபிள், பின்னாடி விலை ஏறும்." இதுதான் ரொம்ப ஆபத்தான வாதம். இதுக்கு ஆதாரமா எல்லாரும் காட்டுறது, 2023 அக்டோபர்ல ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் ஏலத்துல 31,35,000 டாலருக்குப் போன எக்ஸ்-விங் மாடலை. கிட்டத்தட்ட 26 கோடி ரூபாய். கிரெக் ஜைன்ங்கிற புகழ் பெற்ற ஹாலிவுட் மாடல் கலைஞரோட சேகரிப்புல கிடந்தது. அது 1977 படத்துல கேமரா முன்னாடி நின்ன அசல் பொருள். நீங்களும் நானும் கட்டுறது அதோட பொம்மை. ரெசின் கிட்டுக்கு விலை ஏறினாலும், யாராவது அதையே மூலமா வச்சு மறுபடி அச்சு எடுத்துப் பாதி விலைக்கு விப்பாங்க. அந்தக் கள்ள வார்ப்பை வாங்காதீங்க. ஒவ்வொரு தலைமுறை அச்சுக்கும் பாகம் கொஞ்சம் சுருங்கும், நுணுக்கம் மழுங்கும், மூலத்தைச் செஞ்சவருக்கு ஒரு பைசா போகாது. அசல் கேரேஜ் கிட்டுகள்லயும் பலதுக்குப் பட உரிமையாளர்கிட்ட லைசென்ஸ் கிடையாது. ஜப்பான்ல மட்டும் இதுக்கு ஒரு அழகான வழி வச்சிருக்காங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற வொண்டர் ஃபெஸ்டிவல்ல, அந்த ஒரு நாளைக்கு, அந்த அரங்குக்குள்ள மட்டும் விற்க உரிமையாளர்கள் அனுமதி கொடுப்பாங்க. இப்படிப்பட்ட சந்தையில முதலீடுன்னு ஒண்ணு கிடையாது. செலவுன்னு எழுதிட்டுச் சந்தோஷமா இருங்க.

மூணாவது, "கட்டி வித்து சைடு வருமானம் பார்க்கலாமே." 430 மணி நேரத்துக்கு மணிக்கு 200 ரூபாய் கூலி போட்டாலே 86,000. பொருள் செலவு தனி. ரெண்டு லட்சம் கொடுத்து வாங்க இங்க யார் இருக்கா? ராத்திரி ஆசையா செய்ற வேலைக்கு டெட்லைன் வந்தா அது இன்னொரு ஆபீஸ்.

இனி அந்தத் தம்பிக்கு. ஒரு லட்சத்தைக் கார்டுல போட்டு முழுசா கட்ட முடியாம விட்டா, மாசம் 3.5 சதவீதம்னு வச்சாலும் முதல் மாச வட்டி 3,500. அது மேல ஜிஎஸ்டி 630. மினிமம் டியூன்னு அஞ்சாயிரம் கட்டினா, அசல்ல 900 கூடக் குறையாது. கிட் பரண் மேல இருக்கும், வட்டி மட்டும் மாசாமாசம் கரெக்டா வேலை செய்யும்.

அதுக்குப் பதிலா மாசம் 3,000 ஒரு ஆர்டி. 36 மாசத்துல 1,08,000, வட்டி தனி. மூணு வருஷம் ரொம்ப ஜாஸ்தின்னு தோணுதா? நானும் வாங்கி, கட்டி முடிக்க ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த மூணு வருஷத்துல சும்மா இருக்க வேண்டாம், பிளாஸ்டிக்ல கை பழகுங்க. இதே கப்பலை ரஷ்யாவோட ஸ்வெஸ்டா 60 செ.மீ நீளத்துல பிளாஸ்டிக்ல போட்டிருக்காங்க. பண்டாய் 32 செ.மீ சைஸ்ல போட்டதுல லைட்டோட வந்த பதிப்பே இருந்தது. முதல் கிட்டே ரெசினா வாங்குறது, ஸ்கூட்டி ஓட்டிப் பழகாம நேரா லாரி எடுக்கிற மாதிரி. பிளாஸ்டிக்ல ஒண்ணு முடிச்சப்புறம் உங்களுக்கே தெரிஞ்சுடும், இது ஆசையா, இல்லை ஒரு ராத்திரி வீடியோ பார்த்ததால வந்த வேகமான்னு. பாதிப் பேருக்கு முதல் பெட்டியிலயே நின்னுடும். அது தோல்வி இல்லை, மிச்சம் ஆன 70,000.

ரெண்டாவது பெட்டி விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். முதல் பெட்டி முடியாம ரெண்டாவது வாங்காதீங்க. இந்த ஹாபியில இருக்கிறவங்க வீட்டுல கட்டின மாடலை விடக் கட்டாத பெட்டிதான் அதிகம், உலகம் பூரா இதான் கதை. சேலுக்கு வந்துச்சு, அப்புறம் கிடைக்காதுன்னு வாங்கி அடுக்குறது. ரெசின்ல அந்தப் பயம் இன்னும் ஜாஸ்தி, ஏன்னா நிஜமாவே அப்புறம் கிடைக்காது. கிடைக்கலைன்னா போகட்டும்.

நான் இப்போ செப்டம்பர்ல இருந்து ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல மாசம் 3,000 போட்டுக்கிட்டு வர்றேன். எமர்ஜென்சி ஃபண்ட் வேற பேங்க், அந்த ஆப்பே என் போன்ல இல்லை, மனைவி போன்ல இருக்கு. அடுத்து மனசுல இருக்கிறது 2001 ஸ்பேஸ் ஒடிசி படத்துல வர்ற டிஸ்கவரி. 1968 படத்துக்கு அவங்க செஞ்ச பெரிய மாடல் 54 அடி நீளம். நான் பார்க்கிறது ஒரு மீட்டருக்குச் சத்து மேல. கிட், ஷிப்பிங், வரி, லைட், பெயின்ட் எல்லாத்தையும் ஷீட்ல எழுதிட்டேன். அப்பா எல்இடி எத்தனைன்னு கணக்குப் போட்டுட்டார். அக்ரிலிக் பெட்டிக்கு மட்டும் இன்னும் விலை கேட்கலை, அந்த நீளத்துக்கு எங்க வைக்கப் போறேன்னு வீட்டுலயும் கேட்கலை.

உங்க கிட்டோட முழு பில்லையும் கமெண்ட்ல போடுங்க. கஸ்டம்ஸோட சேர்த்து.